நாளுக்கு ஒரு சாண்

“வேஷ்டி மடிப்பிலேர்ந்து கத்தி எடுக்கற மனுஷன் ஆத்துக்கு யார் பொண்ணு கேட்டு வருவா? ஒண்ணு எடுத்தேள், சரி, ஆப்பிள் நறுக்கப் போறேள்னு நெனச்சுண்டேன். ரெண்டாவது எதுக்கு? மூணாவது எதுக்கு? அந்தப் பிள்ளையோட அம்மா சோபா நுனிக்கு வந்துட்டா, பாத்தேளோ?”

“அவா கேட்டா, காமிச்சேன்.”

“அவா கேட்டது ஜாதகம்.”

அபிராமபுரத்தில் அந்தத் தரைத்தள ஃபிளாட்டில் சத்தம் இந்த அளவுக்கு ஏறியபோது எதிர் ஃபிளாட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. மேல் மாடியில் டி.வி. ஊமையானது. வாசலில் இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தார், வெகுநேரம் துடைத்தார். ஆகவே அடுத்து நடந்ததற்குச் சாட்சிக்குப் பஞ்சமில்லை. கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தே கால். பெண் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஸ்ரீனிவாசராகவன், “இந்தா, நீயே தூக்கிப் போட்டுடு” என்று கையிலிருந்த மடக்குக் கத்தியை நீட்டினார். அவர் மனைவி சூடாமணி மாமி வெடுக்கென்று அதை வாங்கிக்கொண்டாள். வாங்கிய கணமே வாத்தியார் காலைத் தூக்காமல், நின்ற நிலையிலேயே, மொசைக் தரையில் ஒரு முழம் பின்னால் போனார். கணவன் மனைவி சண்டையில் கணவன் ஒரு முழம் பின்வாங்குவது அதிசயமில்லை என்பதால் அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிக்ஸி மறுபடி ஓடியது.

வாத்தியாரிடம் அப்போது நாற்பத்திரண்டு கத்திகள் இருந்தன, எல்லாம் சட்டைப்பையில் அடங்குகிறவை. பனையோலையில் எழுதிய காலத்து மடக்கெழுத்தாணி ஒன்று, ஒரு முனையில் எழுதலாம், மறுமுனையில் ஓலையை நறுக்கலாம். நர்சரிக்காரர்கள் ஒட்டுக்கட்ட வைத்திருக்கும் வளைந்த சின்னக் கத்தி ஒன்று. மீன் உருவத்தில் பித்தளைப் பிடி போட்டது, மான்கொம்புப் பிடி போட்டது, பிடியிலேயே காது குடையும் கரண்டி வைத்தது. முப்பது வருஷம் பையன்களுக்குப் பென்சில் சீவிக் கொடுத்ததில் வந்த பழக்கம் என்று அவரே சொல்வார். தெரு நம்பவில்லை. பென்சில் சீவியவர்கள் எல்லாம் கத்தி சேர்த்தால் ஊர் என்ன ஆவது? கிழமைக்கு ஒன்று என்று முறை வைத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். பால் பாக்கெட்டின் முனை, கூரியர் பெட்டியின் பட்டை, தேங்காய்க் குடுமி, சங்கீத சபா கேன்டீனில் பிரிய மறுக்கும் சாஸ் பொட்டலம், எல்லாவற்றுக்கும் கூப்பிட்ட குரலுக்கு அவர் இருந்தார், கூப்பிடாத இடத்திலும் இருந்தார். ஒரு பங்குனியில் மாடவீதிக் கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாளின் புடவைத் தலைப்பு சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டபோது வெள்ளிக்கிழமைக் கத்தியை எடுத்து ஒரே வெட்டில் அவளை விடுவித்தார். அந்த அம்மாள் அறுபத்துமூவரையும் சாட்சிக்குக் கூப்பிட்டு அவரைத் திட்டியது லஸ் வரைக்கும் கேட்டது. கத்தியோடு மெட்ரோவில் விட மாட்டார்கள் என்பதால் அவர் மெட்ரோவில் ஏறியதில்லை. மால் எதற்குள்ளும் போனதில்லை. நஷ்டம் ஒன்றுமில்லை என்பார்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பது தமிழ் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். முப்பத்தோரு வருஷம் அந்த வீட்டில் வெண்டைக்காய்க் கத்திகூட மேடைமேல் வைத்துத்தான் கை மாறியது. அன்றைக்கு மட்டும் இரண்டு பேருக்கும் மறந்துபோனது, காரணம் சண்டை முன்கூட்டியே வந்துவிட்டது. சண்டையை மூட்டுகிற வேலை மிச்சமில்லாததால் கத்தி அடுத்த வேலையைப் பார்த்தது, இரண்டு பேரையும் பிரித்து நகர்த்தியது.

மறுநாள் காலை காபி கொண்டுவந்த மாமியால் கணவருக்கு இரண்டே கால் அடிக்கு உள்ளே வர முடியவில்லை. ஒரு எட்டு வைத்தாள், அவர் நாற்காலியோடு ஒரு எட்டு பின்னால் போனார். இன்னும் ஓர் எட்டு வைத்தாள், நாற்காலி சுவரில் முட்டியது, இப்போது மாமியால் நகர முடியவில்லை. கையை நீட்டி டம்ளரைக் கொடுத்தாள். “வீம்பு” என்றாள். “யாருக்கு?” என்றார் அவர். அந்த வார முடிவில் தூரம் ஏழடியை நெருங்கியது. கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? டேப் பிடித்து அளந்து, தேதி போட்டுக் காலண்டரின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தார். முதல் நாள் ஒரு முழம். அதற்கப்புறம் நாளுக்கு ஒரு சாண். ஏகாதசியானாலும் சரி, கிரகணமானாலும் சரி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கால் நரம்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டு பேரில் யார் நகர்கிறாரோ அவர் மற்றவரைத் தள்ளுவார். தள்ளப்படுகிறவருக்குப் பின்னால் சுவர் இருந்தால் நகர்ந்தவர் நிற்க வேண்டியதுதான். இந்த இரண்டு விதியையும் தெரு ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்துவிட்டது. மாமி கூடத்தில் கோலமாவு டப்பாவைத் தேடினால் வாத்தியார் குளியலறைக்குள் போவார். அவர் எழுந்து பேப்பர் எடுக்க வந்தால் மாமி கரண்டியோடு பூஜை அலமாரியில் சாய்வாள். பொருத்தம் பிரமாதம் என்று பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்த அன்றுகூட இரண்டு பேரும் வீட்டின் இரண்டு கோடியில் நின்றுதான் சந்தோஷப்பட்டார்கள். கத்தியைப் பார்த்து மிரண்ட சம்பந்தி அம்மாளுக்கு வீட்டுக்குப் போனதும் அந்த மீன் கத்தி ரொம்பப் பிடித்துப்போனதாம். பிள்ளை ஸ்ரீகிருஷ்ணாவை ஆபீஸில் ஒரு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்புவதால் முகூர்த்தம் அடுத்த தை கழித்து வரும் தையில் என்று முடிவாயிற்று. ஃபிளாட்டின் நீளம் நாற்பத்து நாலு அடி. ஐம்பத்தேழாம் நாள், மாமி வாசலில் விளக்கு வைக்கக் குனிந்தபோது, பின்பக்கம் துண்டு உலர்த்திக்கொண்டிருந்த வாத்தியார் திறந்திருந்த கதவு வழியாக வெளியே போனார். அப்புறம் அவர் உள்ளே வரவில்லை.

பின்தெருவில், வீட்டிலிருந்து முன்னூற்று நாற்பது அடி தள்ளி ஒரு ஒற்றை அறை கிடைத்தது. தையில் முகூர்த்தம் வரைக்கும் அது தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் பிடித்தார். கத்திகளையும் ஒரு ஸ்டூலையும் கொண்டுபோனார். மூன்று வேளைக்கும் சாப்பாட்டுக் கூடையை வீட்டு வேலை செய்யும் ரத்னா கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமி கூடையைப் பின்கதவுப் படியில் வைப்பாள், உள்ளே போவாள், ரத்னா எடுத்துக்கொண்டு போய் வாத்தியார் கையில் கொடுப்பாள். பதினோரு வருஷமாக ரத்னாவுக்கு அந்த வீட்டில் எதுவும் படியில் வைத்துத்தான் கொடுக்கப்பட்டது, டீ டம்ளர், சம்பளக் கவர், தீபாவளிப் புடவை எல்லாம். அது கத்திக்கு உள்ள சாஸ்திரம் இல்லை, அந்த வீட்டுப் பழக்கம். வாத்தியார் அதைப் பதினோரு வருஷமும் கவனித்ததில்லை. அவர் கவனம் கத்திமேல் இருந்தது.

போனில்தான் இப்போது குடும்பம் நடந்தது. நேரில் முப்பத்தோரு வருஷம் பேசியதைவிடப் போனில் அந்த ஒரு வருஷம் அதிகம் பேசினார்கள் என்று ஜன்னலோரம் இருந்தவர்கள் சொல்கிறார்கள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். “ரசத்துல உப்பு தூக்கலா?” “இல்லை.” “பொய் சொல்லாதேள்.” “கொஞ்சம்.” இந்த மாதிரிப் பேச்சுதான். ஆனால் வாத்தியாரால் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எப்போது எந்தப் பக்கம் தள்ளப்படுவோம் என்று தெரியாத மனுஷன் எப்படி உட்காருவான்? ஸ்டூல் நுனியில் உட்காருவார், எழுவார், கத்திகளை வரிசையாக அடுக்குவார், மறுபடி கலைத்து அடுக்குவார், ஒரு கொய்யாப்பழத்தை ஒன்பது கத்தியால் ஒன்பது துண்டு போடுவார். மாமி கபாலி கோயிலுக்குக் கிளம்பினால் ஆர்.கே. மட் ரோட்டில் வாத்தியார் குடையும் கையுமாகப் பின்னோக்கி வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். பழகிய பிறகு அந்த நிலையிலேயே பேப்பர் படித்தார். டிராபிக் கான்ஸ்டபிள் முதல் இரண்டு வாரம் விசிலடித்தார், அப்புறம் வழிவிட்டார். மாமியும் சில நாள் நடுத்தெருவில் திடுமென்று நின்றுவிடுவாள், ஒரு எட்டு எடுத்துவைக்க முடியாது. பூக்காரி சிரிக்காமல் சொல்வாள், “சார் எதுனா செவுத்தாண்ட கீறாரு போல. செத்த நில்லு மாமி.” மாமி நிற்பாள். அவருக்கு வழி கிடைத்ததும் நடப்பாள். தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது, எப்போதும் வீட்டுப் பக்கமாக முன்னால் சாய்ந்து நிற்பார், எதிர்க்காற்றில் நடக்கிறவர் மாதிரி. அறையில் தனியாக இருக்கும்போதும் அப்படித்தான் நின்றார்.

மார்கழி பிறந்து பத்திரிகை அச்சானபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. கன்னிகாதானத்தில் பெண் அப்பா மடியில் உட்கார வேண்டும், அம்மா பக்கத்தில் நின்று அவர் கையில் தீர்த்தம் விட வேண்டும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே முகூர்த்தத்தன்று முன்னூற்றுப் பதினாறரை அடி இருக்கும். தி. நகரில் பிடித்திருந்த மண்டபத்தின் நீளமே நூற்றிருபது. ரப்பர் குழாய் போடலாமா என்று ஒருவர் வாத்தியாரிடம் உண்மையாகவே கேட்டார். கடைசியில் பெரியவர்கள் கூடி, ஆதம்பாக்கத்தில் இருக்கும் வாத்தியாரின் தம்பியும் அவர் மனைவியும் மணையில் உட்காரட்டும் என்று தீர்மானித்தார்கள், அதற்குச் சாஸ்திரத்தில் இடம் உண்டு. தம்பி மறுப்பது மாதிரி ஒருமுறை மறுத்துவிட்டு மறுநாளே பட்டு வேஷ்டி எடுத்துவிட்டார். மாமி போனில் அழுதாள். பெண் ஹம்சினி பின்தெரு அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“அப்பா, சித்தப்பா மடியில எல்லாம் நான் உக்கார மாட்டேன். இருபத்தேழு வயசுல அப்பா மடியில உக்கார்றதே எனக்குக் காமெடியா இருக்கு.”

“நான் மண்டப வாசல்ல நிப்பேன்மா.”

“வாசல் பத்தாது. பனகல் பார்க்ல நிக்கணும் நீ.”

அவள் போன பிறகு வாத்தியார் அன்றைய கிழமைக்கு உரிய கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தி. நகருக்குப் பஸ் ஏறினார். இந்தப் பதின்மூன்று மாதத்தில் அவர் பக்கமிருந்து எடுத்த முதல் அடி அதுதான் என்று மாமி இன்றும் சொல்லிக்காட்டுவாள். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் தையல்காரர்களுக்குக் கத்தரிக்கோல் சாணை பிடித்துக்கொண்டு, பழைய கத்திகளையும் துணி விரித்து விற்கும் தௌஃபீக் இருந்தார். பிரச்சினைக்குரிய கத்தியை வாத்தியார் அவரிடம்தான் வாங்கியிருந்தார். கருங்கொம்புப் பிடி, அகலமான அலகு, பிடியில் மூன்று பித்தளை ஆணி.

“நான் அன்னிக்கே துணிமேல வெச்சுட்டு எடுத்துக்கங்கன்னு சொன்னேன்ல சார். கையில குடுக்கல, பாத்தீங்கல்ல. நீங்களும் குடுக்காதீங்கன்னும் சொன்னேன்.”

“எல்லாக் கத்திக்கும் சொல்றதுதானே பாய்.”

“எல்லாத்துக்கும் சொல்றதுதான். ஆனா இது கேக்குற கத்தி.”

தௌஃபீக் கல்லை நிறுத்தாமலே விளக்கினார். இந்தக் கத்திக்கு ஒரு சமயத்தில் ஒரு ஜோடிதான் ஞாபகம் இருக்கும். கடைசியாக அதைக் கைக்குக் கை மாற்றியவர்கள் யாரோ அவர்களைத்தான் அது பிரித்து வைக்கும். வேறு இரண்டு பேர் கையில் கொடுத்துக் கையில் வாங்கினால் உங்களை மறந்துவிட்டு அவர்களைப் பிடித்துக்கொள்ளும். கீழே வைத்து எடுத்தால் கணக்கில் வராது. “நாளுக்கு ஒரு சாண் தள்ளிப் போறதுக்கு எவன் சார் ஒத்துக்குவான்?” என்று கேட்டுவிட்டுத் தௌஃபீக் பரிதாபமாகத் தலையாட்டினார்.

அபிராமபுரத்தை அவருக்குத் தெரியாது. சேதி பரவிய இரண்டு நாளில் பதினோரு ஜோடி பேர் கொடுத்தது. மேல் மாடி மாமியாரும் மருமகளும் ஒரே மத்தியானம், ஒருவருக்கொருவர் தெரியாமல், தனித்தனியாக வந்து பேர் கொடுத்தார்கள். ஃபிளாட் சங்கத் தலைவரும் செயலாளரும் வந்தார்கள். ஒரே கட்டடத்தில் வீணை சொல்லிக்கொடுக்கும், போட்டி முற்றிய அக்கா தங்கை, நாளுக்கு இரண்டு சாணாகக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். வாத்தியார் ஒரு தாளில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக விசிலடித்துக்கொண்டே போனை எடுத்தார். “சூடா, அந்தக் கத்தியை எங்கே வெச்சிருக்கே?”

“அன்னிக்கே ரத்னாட்ட போட்டுட்டேன்” என்றாள் மாமி. “கண்ணுல படப்படாதுன்னு படியில வீசினேன். எடுத்துண்டு போயிட்டா.”

ரத்னாவின் பையிலிருந்து அவள் அண்ணன் பொன்னுரங்கம் அதை அன்று ராத்திரியே எடுத்துக்கொண்டார். ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் பிடிக்க அவருக்கு ஒரு ஃபைபர் போட்டு உண்டு. வலைக்கயிறு அறுக்கவும், சிக்கிய மீனை வெட்டி எடுக்கவும், மதியத்தில் வெங்காயம் அரியவும் பதினாலு மாதமாக அந்தக் கத்தி அவர் லுங்கி மடிப்பில் இருந்தது. இரண்டு மூன்று முறை ரத்னா கேட்டுப் பார்த்தாள், கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமியே ரத்னாவோடு ஆட்டோவில் கிளம்பினாள். வாத்தியார் பின்னால் வேறொரு ஆட்டோவில் வந்தார். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவரைத் தள்ள மாட்டார் என்பது கணக்கு. ஆனால் அடையாறு சிக்னலில் மாமியின் ஆட்டோ வழி தப்பித் திரும்பியபோது பின்னால் வந்த ஆட்டோ, டிரைவர் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே, கியரைக் கேட்காமல் பாலத்தை நோக்கிப் பின்னால் போயிற்று. “சார், எறங்கிக்கோ சார்” என்றார் டிரைவர். “நேரா பின்னாடி விட்டா போதும்பா, ஒண்ணும் ஆகாது” என்று வாத்தியார் அவருக்குச் சமாதானம் சொன்னார்.

காலை பத்து மணி. கரையேறிய போட்டுகளுக்கு நடுவில், தண்ணீர் காலைத் தொட்டுவிட்டுப் போகிற இடத்தில் பொன்னுரங்கம் வலையைப் பரத்தி உட்கார்ந்திருந்தார். மாமி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்து நின்றாள். வாத்தியார் முன்னூற்றுப் பதினைந்து அடிக்கு அப்பால், வலை உலரும் மூங்கில்களுக்குப் பக்கத்தில், வழக்கம்போல முன்னால் சாய்ந்து நின்றார். பதிலுக்குக் கொடுக்க அவர் அனுப்பியிருந்த மூன்று கத்திகளை மாமி துண்டோடு மணலில் பிரித்து வைத்தாள். பித்தளை மீன், மான்கொம்பு, காதுகுடைக் கரண்டி. கொடுத்தனுப்பியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

பொன்னுரங்கம் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, கட்டைவிரலில் கூர் பார்த்தார். “இது பழம் சீவுறது. இது பென்சிலு சீவுறது. இத்த காட்னா மீனு சிரிக்கும்” என்று மடக்கி வைத்தார். “எங்கத்தி தண்ணில கெடந்தாலும் கருக்கு போவல. பதினாலு மாசத்துல ஒருவாட்டி கைய அறுத்தது கெடயாது. கத்தி தர மாட்டேன் மாமி.”

“வெச்சுக்கோப்பா, எனக்கு வேண்டாம். ஒரு நாழி குடுத்தா போறும். எங்க தெருவில ரெண்டு பேர் கை மாத்திப்பா, திருப்பிக் கொண்டுவந்துடறேன். எம்பொண்ணு கல்யாணம்.”

“ரத்னா சொல்லிச்சு. கையில குடுத்துக் கையில வாங்கணும், அவ்ளோதான?” பொன்னுரங்கம் லுங்கி மடிப்பிலிருந்து கத்தியை எடுத்தார். “அதுக்கு இன்னாத்துக்கு உங்க தெருவுக்குப் போவணும்? நான் குடுக்கறேன், நீ வாங்கு.”

“நானா?”

“எந்தங்கச்சி பதினோரு வருசமா உங்க வூட்ல கீது. டீ படியில. சம்பளம் படியில. இந்தக் கத்திகூட படியில. ஒரு நாளாச்சும் அது கையில எதுனா குடுத்துகிறியா?”

“இன்னாண்ணா, அத்தப் போய் இப்போ” என்றாள் ரத்னா. அவள் முகம் மாமி பக்கம் திரும்பவில்லை.

“நீ கம்முனு இரு. மாமி, கையில வாங்கு. அப்பால எங்கையிலயே திருப்பிக் குடு. கத்தி எனுக்கு வோணும், வலை பாதி கீது.”

“அப்புறம் நானும் நீயும் தள்ளித் தள்ளிப் போயிண்டே இருப்போம். அது தெரியுமோல்லியோ?”

“கடலுக்குப் போறவனுக்குத் தூரம்னா இன்னா மாமி?”

கத்தியின் அலகில் இரண்டு மூன்று மீன் செதில் ஒட்டியிருந்தது. அன்று தை வெள்ளிக்கிழமை, மாமி தலைக்கு ஸ்நானம் செய்திருந்தாள், கல்யாண வீடு வேறு. அவள் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் வாத்தியார் கட்டைவிரல் உயரம் தெரிந்தார். அந்த உயரத்திலும் சாய்வு தெரிந்தது. இஸ்திரிக்காரரின் மச்சினி அங்கே மீன் வாங்க வந்திருந்ததால் மாமி எவ்வளவு நேரம் நின்றாள் என்பதும் நமக்குத் தெரியும், மூன்று அலை வந்து போகிற நேரம். அப்புறம் வலது கையை நீட்டினாள். பொன்னுரங்கம் பிடியை அவள் பக்கமாகத் திருப்பி, உள்ளங்கையில் அழுத்தி வைத்தார்.

உட்கார்ந்தபடியே அவர் வலையோடு ஒரு முழம் பின்னால் போய்த் தண்ணீரில் நனைந்தார். ரத்னா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி எட்டிக் கையை நீட்டிக் கத்தியைத் திருப்பி அவர் கையில் கொடுத்தாள். உள்ளங்கையில் ஒரு செதில் தங்கிவிட்டது, அதை அவள் துடைக்கவில்லை, துடைக்க நேரமில்லை, ஏனென்றால் முன்னூற்றுப் பதினைந்து அடிக்கு அப்பால் வாத்தியார் குப்புற விழுந்திருந்தார். பதினாலு மாதம் எதன்மேல் சாய்ந்து நின்றாரோ அது இல்லாமல் போயிருந்தது. எழுந்தார். ஒரு எட்டு வைத்துப் பார்த்தார். மாமி நின்ற இடத்தில் நின்றாள். இன்னொரு எட்டு வைத்தார். அப்புறம் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்தார், போட்டுகளைச் சுற்றி, கயிறுகளைத் தாண்டி, காய்கிற கருவாட்டின் ஓரமாக, கால் பின்னால் இழுக்குமோ என்று ஒவ்வொரு எட்டுக்கும் சந்தேகப்பட்டுக்கொண்டு. ஓடியிருக்கலாம். கணக்கு வாத்தியார் என்பதால் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தார் என்று ஒரு பேச்சு உண்டு. கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். கடைசி இரண்டு அடியை மாமிதான் வைத்தாள். அவர் நகரவில்லை.

“மூக்கெல்லாம் மணல்” என்றாள் மாமி.

முகூர்த்தத்தன்று ஹம்சினி அப்பா மடியில் உட்கார்ந்தாள், மாமி தீர்த்தம் விட்டாள், அதில் பாதி சாஸ்திரிகள் மடியில் விழுந்தது. ரத்னாவும் பொன்னுரங்கமும் முதல் வரிசையில் இருந்தார்கள். கை மாறி இரண்டு நாள் என்பதால் அன்று மூன்று அடி கணக்கு. மாமி யாரையாவது வரவேற்க அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பொன்னுரங்கத்தின் நாற்காலி அவரோடு கொஞ்சம் பின்னால் போகும், அவர் வெற்றிலையை மென்றபடி சம்பந்தி வீட்டாருக்குக் கையெடுத்துக் கும்பிடுவார். பந்தியில் மாமி ரத்னா கையில் பட்சணப் பையைக் கொடுத்தாள். ரத்னா அதைக் கீழே வைத்துவிட்டு எடுப்பதா, அப்படியே வாங்குவதா என்று ஒரு கணம் தடுமாறினாள், பழக்கம் அவளையும் பிடித்துத்தானே இருந்தது. அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

பதினோரு ஜோடிக்கும் ஏமாற்றம்தான். வீணை அக்கா தங்கை மாமியோடு ஆறு மாதம் பேசவில்லை. பொன்னுரங்கத்துக்கு மட்டும் லாபம். பெசன்ட் நகர் கடற்கரையில் அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போட்டைத் தள்ளுவதுதான் பெரிய பாடு, நாலு ஆள் வேண்டும். இப்போது வாத்தியாரும் மாமியும் விடிகாலையில் நடக்க வருகிறார்கள். மாமி மணலில் தண்ணீரை நோக்கி நடக்க நடக்க, பொன்னுரங்கம் உட்கார்ந்திருக்கும் போட்டு அலைக்கு மேலாக, துடுப்பும் இல்லாமல் டீசலும் இல்லாமல், பின்பக்கமாகக் கடலுக்குள் போகிறது. அவர் அங்கிருந்து கையைக் காட்டுவார். மாமி கையைக் காட்டிவிட்டு, போட்டு திரும்புவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவாள். தாமதமானால் போன் வரும், “மாமி, எங்க கீற? கரைக்கு வரணும்ல.” மூன்றாம் வருஷம் தூரம் எண்ணூறு அடியைத் தாண்டியது. அபிராமபுரம் வீட்டுக்கு அந்தக் கணக்கு வந்து சேர இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகும் என்று வாத்தியார் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார். கிழமைக் கத்திகள் இன்னும் அவர் இடுப்பில்தான். யாராவது கேட்டால் முதலில் தரையில் துண்டை விரிப்பார்.

ஹம்சினியும் ஸ்ரீகிருஷ்ணாவும் புனேயில் இருக்கிறார்கள், மீன் கத்தி சம்பந்தி அம்மாளிடம் இருக்கிறது. ஆதம்பாக்கம் தம்பி அந்தப் பட்டு வேஷ்டியைத் தன் மகன் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டார். மேல் மாடி மருமகள் தனிக்குடித்தனம் போனாள், கத்தி இல்லாமலே. குடிசை மாற்று வாரியத்தில் ரத்னாவுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினார்கள், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர முடியாமல் வேலையை விட்டுவிட்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள். அவளுக்குப் பதில் தேவானை வந்தாள். முதல் நாள் மாமி அவள் கையில் காபி கொடுத்தாள், துடைப்பம் கொடுத்தாள், சாவி கொடுத்தாள், காய் நறுக்குகிற கத்தியை மட்டும் மேடையில் வைத்தாள். பொன்னுரங்கம் எங்கும் போகவில்லை. மாமி நடக்க வரும்போது மட்டும் கொஞ்சம் தள்ளிப் போவார்.